குடிமதிப்பும் நம் குடும்பங்களும்

(தென்காசியில் கூடிய நமது சங்க ஆண்டுக் கூட்டத்தில், அங்கத்தினரும் தமிழ்ப் பண்டிதருமாகிய உபாத்தியாயர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் யான் பேசவேண்டுமெனக் காரியதரிசியவர்கள் என் இல்லம் போந்து பணித்தபொழுது, "நம்மவர் தமிழ்நாட்டில் எத்தனை பேர் உளர் என்பதைக் கணக்கோடு எடுத்துச் சொல்லுங்கள், கேட்டு எல்லாரும் மகிழ்வர்" என்றனர். அவர் ஆணையை யான் பாதியே நிறைவேற்றப் போகின்றேன். சாதி சாதியாக ஜனங்களை எண்ணி, அவ்வெண்ணை அச்சிட்டு வெளியிடும் வழக்கம் 1931ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. 1941இல் சாதியைக் கேட்டு எழுதினரேனும் தொகுத்து வெளியிட்டிலர். 1951 முதல் பட்டியல் சாதியார், பழங்குடியார் என்னும் இரு தொகுதியாரையன்றி ஏனையோரைச் சாதிவாரியாக எண்ணுதல் விடப்பட்டது. ஆகவே, நம் மேடைகளிலும் பிற சங்கத்தார் மேடைகளிலும் முழங்கப்படும் இலட்சங்களும் கோடிகளும் உத்தேசமேயன்றி எண்ணிக்கையல்ல. எல்லாச் சங்கத்தாரும் கூறும் தொகைகளை ஒருங்கே கூட்டினால், தமிழ்நாடு போன்ற நாடு இரண்டு வேண்டும்! (நகைப்பு)

இப்பொழுது நிலைமை மாறியிருக்கின்றது. அடுத்த குடிமதிப்பில் எல்லாச் சாதியாரையும் எண்ணுவதென இந்திய சர்க்கார் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் தீர்மானித்தனர். 2027ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1ஆம் நாள் பிறக்கும் நடுஇரவைக் கணக்கு நேரமாகக் குறித்து, 2025 ஜூன் 16இல் விளம்பரமும் வெளியிட்டனர். நம்மவர் பலருக்கு இச்செய்தி பேருவகை தந்துள்ளது. அதில் குற்றமில்லை. ஆனால், கணக்கெடுப்பில் சாதிக்குரிய கட்டம் ஒன்று. ஏனைய கட்டங்கள் பல. அவ்வேனைய கட்டங்களில் நாம் என்ன எழுதுவிக்கப் போகின்றோம் என்பதே என் கவலை. யான் 2011ஆம் ஆண்டில் கணக்கெடுத்தவன். ஆதலின் கண்டதைக் கொண்டு பேசுவேன்.

குடிமதிப்பு என்பது, இக்காலத்தார் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என வழங்குவது. சென்னை இராஜதானியில் கிராமக் கர்ணங்களைக் கொண்டு சர்க்கார் தலைக்கணக்கு எடுத்தது பழைய செய்தி. இராஜதானி முழுமைக்கும் முறையான குடிமதிப்பு 1871இல் நடந்தது. இந்திய தேசம் எங்கும் ஒரே காலத்தில் நடந்தது 1881இல். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பத்தாண்டில் சென்னை இராஜதானியின் ஜனத்தொகை வளரவில்லை, குறைந்தது. காரணம் யாதெனின், 1876 முதல் 1878 வரை இந்நாட்டை வாட்டிய பெரும் பஞ்சமே. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் கதையாகச் சொன்னது குடிமதிப்புப் புத்தகத்தில் குறைந்துபோன எண்ணாக நிற்கின்றது. அவ்வெண்ணுக்குப் பின்னே எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

இனித் தமிழ்நாட்டின் கணக்கைச் சொல்வேன். இன்றைய எல்லைக்கு ஒப்பத் திருத்தப்பட்ட தொகைகள் இவை. செங்கோட்டை அன்பர்கள் இங்கே வந்திருக்கின்றனர். அவர்கள் ஊர் 1956 நவம்பர் 1ஆம் நாள் நம்மோடு சேரும் வரையில் மலையாளப் பக்கத்துக் கணக்கில் எழுதப்பட்டதாகும். அவர்களுடைய பாட்டன்மாரையும் இத்தொகையில் சேர்த்திருக்கின்றனர் என்று அறிக. 1901இல் 1 கோடியே 92 இலட்சம். 1951இல் 3 கோடியே 1 இலட்சம். 2001இல் 6 கோடியே 24 இலட்சம். 2011இல் 7 கோடியே 21 இலட்சத்து 47 ஆயிரத்து முப்பது. முதல் ஐம்பது ஆண்டில் ஒரு கோடியே சொச்சம் கூடிற்று. அடுத்த அறுபது ஆண்டில் நான்கு கோடிக்கு மேல் கூடிற்று. 1911க்கும் 1921க்கும் இடையே நூற்றுக்கு மூன்றரை வீதமே வளர்ச்சி. அது விஷக்காய்ச்சல் ஊரூராய் வாரிக்கொண்டுபோன காலம். பிறப்பு மிகுந்ததனால் மட்டும் பிற்காலத்தில் ஜனத்தொகை பெருகிற்று என்று கருதற்க. அம்மையும் பேதியும் பஞ்சமும் அடங்கி, சாவு குறைந்ததே பெருங்காரணம்.

ஏழு கோடி என்பது எத்தகைய எண் என்பதை நாம் உணர்வதில்லை. ஒருகாலத்தில் நம்மை ஆண்ட ஆங்கிலேயர், ஸ்காட்லாந்தார், வேல்ஸ் நாட்டார், வட அயர்லாந்தார் எல்லாரையும் சேர்த்து 2011இல் எண்ணியபொழுது 6 கோடியே 32 இலட்சம் பேரே இருந்தனர். நாம் அவர்களினும் ஒரு கோடியளவு மிக்கவர். நம் நிலமோ அவர்கள் நிலத்தில் பாதியைச் சிறிதே கடந்தது. சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். 2011இல் இந்திய இராச்சியங்களுள் நாம் ஏழாமிடம் பெற்றிருந்தோம். ஆந்திர தேசம் 2014இல் இரண்டாகப் பிரிந்தபின், அதே கணக்கின்படி ஆறாமிடத்தைப் பெற்றோம்.

எண் வளர்ந்ததாயினும் பங்கு குறைந்தது. 1951இல் இந்தியர் நூற்றுவருள் எண்மருக்குச் சிறிது மேல் தமிழ்நாட்டார், 2011இல் அறுவர். வடநாடு நம்மினும் விரைந்து பெருகியமையே இதற்குக் காரணம். குடும்பத்தைச் சுருக்கிக்கொண்ட இராச்சியங்கள் பார்லிமெண்டு ஸ்தானங்களை இழத்தலாகாது என்பதற்காக, 1971ஆம் ஆண்டுக் கணக்கின்படியே ஸ்தானங்களின் பங்கீடு நிற்குமாறு 1976இல் அரசியற் சட்டத்தைத் திருத்தினர். பின்னரும் ஒருமுறை திருத்தி, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் குடிமதிப்பு வரை அதனை நீட்டினர். இது அரசியல் மேடைக்குரிய பொருள், இம்மட்டோடு விடுகின்றேன்.

நம் வீடுகளுக்குரிய பொருள் வேறு. ஒரு பெண்மணி தன் வாழ்நாளில் ஈனும் மக்கள் சராசரி இரண்டுக்குச் சிறிது மிகுந்திருந்தால்தான் ஒரு தலைமுறை தன்னளவான மறுதலைமுறையை விட்டுச்செல்லும். 1971ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் இச்சராசரி ஏறத்தாழ நான்கு. 2020ஆம் ஆண்டு மாதிரிக் கணக்கில் 1.4. இக்கூடத்தில் அமர்ந்திருக்கும் தாத்தாக்களை எழுந்து நிற்கச் செய்து, "உடன் பிறந்தோர் எத்தனை பேர்? பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கேட்டால் கணக்குப் புத்தகம் வேண்டுவதில்லை. 2011இல் நம் ஜனங்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயது கடந்தோர். தொகையாகச் சொன்னால் ஏறத்தாழ 75 இலட்சம். சர்க்கார் அமைத்த நிபுணர் குழுவினர் 2031இல் இது நூற்றுக்குப் பதினெட்டாகும் எனக் கணித்துள்ளனர். தென்காசித் தெருக்களில் மாலை வேளையில் நடந்து பாருங்கள். பெரிய வீடு, திண்ணையில் கிழவரும் கிழவியும். மகன் சென்னையில், மகள் பெங்களூரில், இன்னொருவன் வளைகுடாவில். நமது சங்கம் கலியாண மண்டபம் கட்டுவதற்கு நிதி திரட்டுவதைப் பாராட்டுகின்றேன். ஆயினும், இருபது ஆண்டு கழித்து அம்மண்டபத்தில் நடக்கக்கூடிய கலியாணங்கள் எத்தனை, சோறு சமைத்துத் தர ஆளில்லாத முதியோர் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பார்த்துக் கட்டவேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இங்கு ஓர் ஐயம் எழும். பிறப்பு குறைந்துவரும்பொழுது, 1991 முதல் 2001 வரை நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம்கூட வளராத ஜனத்தொகை, அடுத்த பத்தாண்டில் பதினைந்தரைக்கு மேல் வளர்ந்தது எங்ஙனம்? வெளி இராச்சியத்தார் வேலை தேடி இங்கு வந்தது ஒரு காரணம். 2001இல் கணக்கில் விடுபட்டோர் 2011இல் அகப்பட்டிருத்தலும் கூடும் என்பர். எண்ணுவோர் பிழையும், சொல்வோர் பிழையும் எண்ணுக்குள்ளே ஒளிந்திருக்கும் என்பதற்காகவே இதனைக் கூறினேன்.

அத்தகைய பிழைகளுள் நகைப்புக்கு இடமானது வயது. ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியும் வயதினரே நம் நாட்டுக் கணக்கில் மிகுந்திருப்பர். யான் கணக்கெடுத்த தெருவில் ஒரு பாட்டியாரை வயது கேட்டேன். "ஐம்பது என்று போடுங்கள்" என்றார். மூத்த மகன் வயது என்ன என்றேன். "அவனுக்கு நாற்பத்தைந்து" என்றார்! பிறகு, "காமராஜர் முதல் மந்திரியானபொழுது நீங்கள் பள்ளிக்குப் போனீர்களா, இடுப்பில் தம்பியைச் சுமந்தீர்களா?" என்று கேட்டு, 1954ஐ அடிப்படையாகக் கொண்டு அறுபத்துமூன்று என்று எழுதினேன். இளையோர்க்கு 1992ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இப்பக்கத்தில் நல்ல அளவுகோல். குற்றால அருவிக்கரை சிதைந்த அவ்வாண்டை மறந்தவர் இல்லை.

குற்றாலத்தைச் சொன்னேன். குடிமதிப்பு ஏன் பிப்ரவரியில் நடைபெறுகின்றது என்று சிலர் கேட்பர். ஜனங்கள் வீட்டில் தங்கியிருக்கும் காலம் அது. சாரல் காலத்தில் எண்ணினால், சில ஆயிரம் பேர் வாழும் குற்றாலம் பெருநகரமாகத் தோன்றும். பிப்ரவரியிலோ அருவியில் நீரும் இல்லை, ஆளும் இல்லை. எந்த நேரத்தில் எண்ணினார் என்பதை அறியாமல் எந்த எண்ணையும் நம்பலாகாது.

நகரம், கிராமம் என்னும் பிரிவினையும் அத்தன்மையதே. 2011இல் தமிழ்நாட்டார் நூற்றுவருள் நாற்பத்தெண்மர் நகரவாசிகள் என்று கணக்குச் சொல்கின்றது. 1951இல் இருபத்துநால்வர். இது மெய்யே, ஆனால் முழு மெய்யன்று. பேரூராட்சி என்று சர்க்கார் பெயரிட்ட ஊர் எதுவாயினும் குடிமதிப்பில் அது நகரம். சுந்தரபாண்டியபுரம் பேரூராட்சி, இலஞ்சியும் பேரூராட்சி. சூரியகாந்தி பூத்த வயலைப் படம்பிடிக்கச் சுந்தரபாண்டியபுரத்திற்கு வரும் ஜனங்கள் நகரம் பார்க்கவா வருகின்றனர்? வயலின் நடுவே நிற்கும் குடியானவர் கணக்கில் நகரவாசியாகின்றார்.

ஆண் பெண் விகிதத்தை உற்று நோக்குவோம். 1901இல் ஆயிரம் ஆடவர்க்கு 1,044 பெண்டிர் இருந்தனர். பெண்களை அந்நாளில் பெரிதும் போற்றினர் என்பதன்று பொருள். ஆடவர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், பர்மாவிற்கும், மலேயாவிற்கும் கப்பலேறிப் போய்விட்டனர். பின்னர் இவ்வெண் இறங்கி இறங்கி 1991இல் 974 ஆயிற்று. பெண் குழவியைப் பிறந்தவுடன் கொல்லும் கொடுமை சேலத்துப் பக்கம் வெளிப்பட்டு, 1992இல் சர்க்கார் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது நினைவிருக்கும். 2011இல் 996 ஆக ஏறிற்று. திருநெல்வேலி ஜில்லாவில் 1,023. நம் தென்காசி அப்பொழுது அதனுள் அடங்கியிருந்தது. மகிழ்வதற்கு முன் இன்னோர் எண்ணையும் கேளுங்கள். தமிழ்நாட்டில் ஆறு வயதிற்கு உட்பட்ட குழந்தைகளில் ஆண்பிள்ளை ஆயிரத்திற்குப் பெண்பிள்ளை 943 மட்டுமே. முதியவருள் பெண்டிர் மிகுந்திருப்பது குழந்தைகளின் குறையை மறைக்கின்றது. பெண் கிடைக்கவில்லை, பெண் கிடைக்கவில்லை என்று நம் பத்திரிகையின் மணமகள் தேவைப் பக்கத்தில் வரதட்சிணை வேண்டாமென்றும் விளம்பரம் செய்யும் அன்பர்கள், இருபத்தைந்து ஆண்டிற்கு முன் தம் தெருவில் நடந்ததைச் சிறிது நினைத்தல் வேண்டும்.

எழுத்தறிவில் நாம் முன்னேறியுள்ளோம். 1991இல் ஏழு வயதிற்கு மேற்பட்ட பெண்டிருள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 51, 2011இல் 73. ஆடவர் அவ்வாண்டில் 86. இன்னும் பதின்மூன்று படி இடைவெளி உண்டு. வீட்டு வசதிக் கணக்கில் ஒரு விந்தை. 2011இல் நூற்றுக்கு 87 வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. வீட்டு எல்லைக்குள் கழிப்பிடம் இருந்தது 48 வீடுகளில்! அதன்பின் கழிப்பிடங்கள் பல எழுந்தன. எத்தனை எழுந்தன, அவற்றுள் எத்தனையில் விறகு அடுக்கியிருக்கின்றனர் என்பதைப் புதிய கணக்கு சொல்லட்டும்.

இனித் தொழில். இதுவே யான் சொல்ல வந்த பொருளின் நடுநாயகம். சற்றுப் பொறுமையோடு கேட்கவேண்டுகின்றேன்.

2001இல் தமிழ்நாட்டில் உழுதொழிலைத் தம் பொறுப்பில் நடத்தும் குடியானவர் 51 இலட்சத்து 16 ஆயிரம் பேர். 2011இல் 42 இலட்சத்து 48 ஆயிரம். பத்தே ஆண்டில் எட்டு இலட்சத்து அறுபதினாயிரத்திற்கு மேற்பட்டோர் குடியானவர் என்னும் பெயரை இழந்தனர். அதே பத்தாண்டில் கூலிக்கு வயலில் இறங்குவோர் 86 இலட்சத்திலிருந்து 96 இலட்சமாய்ப் பெருகினர். ஏர் பிடித்தவன் எல்லாம் மாடிவீட்டு உத்தியோகத்திற்குப் போய்விட்டான் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். சிலர் அவ்வாறு போயினர். பலர் தம் வயலை விட்டு இறங்கிப் பிறர் வயலில் ஏறினர். நிலம் துண்டுபட்டதும் காரணம்: 1970-71இல் தமிழ்நாட்டில் ஒரு சாகுபடிக்காரரின் சராசரி நிலம் 1.45 ஹெக்டேர், 2015-16இல் 0.75. ஏக்கர்க் கணக்கில் இரண்டுக்கும் குறைவு. சிற்றாற்றுப் பாசனத்தில் அப்பன் விட்டுச்சென்ற நான்கு ஏக்கரை மூன்று பிள்ளைகள் பிரித்துக்கொண்டபின், எவன் மாடு வைத்துப் பிழைப்பான்? ரஸ்தாவை ஒட்டிய வயல்களில் நடுகல் போன்ற மனைக்கற்கள் முளைப்பதைக் காண்கின்றோம்.

இதில் நம்மவர்க்கு ஒரு வார்த்தை. குடிமதிப்பில் குடியானவர் என்றால் சாகுபடியின் இலாப நஷ்டத்தை ஏற்று, தாமே உழைப்பவர் அல்லது முன்னின்று நடத்துபவர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்தில் கடை வைத்திருப்பவர் குடியானவரல்லர். "எங்கள் குலத்தொழில் விவசாயம்" என்ற பெருமையினால் கடைக்காரர் விவசாயம் என்று எழுதுவித்தால், உண்மைக் குடியானவர் எத்தனை பேர் என்பது சர்க்காருக்கு எவ்வாறு தெரியவரும்?

வேலை செய்வோர் எல்லாரையும் கூட்டினால் 2011இல் 3 கோடியே 28 இலட்சத்து 84 ஆயிரம் பேர். ஆடவர் நூற்றுவருள் ஐம்பத்தொன்பதின்மர் வேலை செய்வோர். பெண்டிர் நூற்றுவருள் முப்பத்திருவரே வேலை செய்வோர் என்கின்றது கணக்கு. தாய்மார்களே! இதனை நீங்கள் நம்புகின்றீர்களா? யான் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதைச் சொல்வேன்.

கடையத்தை ஒட்டிய மலையடிவாரத்து ஊர் ஒன்றில் 2011 பிப்ரவரியில் வீடுவீடாகச் சென்றேன். ஒரு வீட்டில் தலைவர் நாற்காலியில் அமர்ந்து பதில் சொன்னார். அவர் மனைவியார் நிலைப்படிக்கு உள்ளே சுவரில் சாய்ந்து, மடியில் பீடித் தட்டை வைத்து, இலையை வெட்டி, தூளை இட்டு, சுருட்டி, நூல் கட்டிக்கொண்டேயிருந்தார். தொழிற்கட்டம் வந்தது. "அண்ணாச்சி, அவர்கள் என்ன வேலை பார்க்கின்றார்கள்?" என்றேன். "அவள் என்ன வேலை பார்க்கின்றாள், சார்வாள்! வீட்டில் சும்மாதான் இருக்கின்றாள்" என்றார். சொன்னவர் பொய்யரல்லர், நல்ல மனிதர். தம் கண்ணெதிரே அசையும் பத்து விரல்கள் அவர் கண்ணுக்கு வேலையாகத் தோன்றவில்லை. யான் அம்மையாரை நோக்கி, "நாளைக்கு எத்தனை பீடி ஆகும், அக்கா?" என்றேன். தலை நிமிராமலே, "எழுநூறு, எண்ணூறு, விசேஷம் ஒன்றும் இல்லையென்றால் ஆயிரம்" என்றார். "பிள்ளைகளுக்குப் பள்ளிப் பணம், சீட்டுப் பணம்?" தலைவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அது இதில்தான் போகின்றது. அப்படியானால் எழுதிக்கொள்ளுங்கள், சார்வாள்" என்றார்.

எழுதினேன். அப்பொழுதுதான் அம்மையார் தலை நிமிர்ந்து, "இதை எழுதினால் பீடிக் கடைக்குத் தெரிந்துவிடுமா?" என்று அஞ்சிக் கேட்டார். அவர் சுற்றும் பீடி மாமியார் பெயரிலுள்ள பாஸ் புத்தகத்தில் ஏறுகின்றது. தம் பெயரில் புத்தகம் இல்லை. "ஒருவருக்கும் தெரியாது" என்று உறுதி கூறினேன். அவ்வுறுதி என் சொந்த வாக்கன்று. 1948ஆம் ஆண்டுக் குடிமதிப்புச் சட்டத்தின்படி, கணக்கெடுப்போர் தாளில் எழுதியதை எவரும் பார்வையிட இயலாது. நியாயஸ்தலத்தில் சாட்சியமாகவும் கொள்ளலாகாது. வரி போடுவர், ரேஷன் அட்டையை எடுப்பர் என்று அஞ்சுவோர் இதனை நினைவிற்கொள்க. அச்சட்டத்தில் இன்னொரு விநோதமும் உண்டு. வழக்கத்தினால் கணவன் பெயரைச் சொல்லாத பெண்மணியை, அப்பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தலாகாது. நம் பாட்டிமார் சூரியனையும் சந்திரனையும் சுட்டிக்காட்டிப் பெயர் உணர்த்திய காலத்தைச் சட்டம் செய்தோர் மறக்கவில்லை! (நகைப்பு)

அந்த வீட்டை விட்டு வெளிவந்தபொழுது என் மனம் இருபது ஆண்டு பின்னே சென்றது. 1991இல் எனக்குப் பதினொரு வயது. எங்கள் வீட்டிற்கும் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். என் தகப்பனார் பதில் சொன்னார். என் தாயாரைப்பற்றி அவர் சொன்னதும் அதே சொல்தான். வந்தவரும் மறுகேள்வி கேட்கவில்லை, மேலே போய்விட்டார். என் தாயார் அன்று கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கின்றது. அத்தட்டில் விழுந்த காசினாலேதான் யான் புலவர் வகுப்பில் சேர்ந்தேன்; இலக்கணமும் பயின்றேன்; இம்மேடையிலும் நிற்கின்றேன். 1991ஆம் ஆண்டு இந்தியக் குடிமதிப்பில் என் தாயார் வேலையற்றவர். அந்தோ! என் தகப்பனார் காலஞ்சென்றார். தாயார் இருக்கின்றார். விரல் நுனிகள் தேய்ந்திருக்கின்றன, மூச்சு இரைக்கின்றது.

இது பெருமையைப்பற்றிய பேச்சன்று. ஆலங்குளம், கடையம், முக்கூடல் பக்கங்களில் பீடித் தட்டு இல்லாத தெருவைக் காண்பது அரிது. பீடித் தொழிலாளர்க்கு 1966இல் ஒரு சட்டமும், 1976இல் நலநிதிச் சட்டமும் பிறந்தன. பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும், வைத்திய உதவியும் அந்நிதிவழி வந்தன. இத்தகைய உதவி எவ்வளவு வேண்டும், எங்கே ஆஸ்பத்திரி வேண்டும், இத்தொழில் சுருங்கினால் எத்தனை குடும்பத்திற்கு மாற்றுத் தொழில் காட்டவேண்டும் என்பதையெல்லாம் எதைக்கொண்டு அளப்பர்? 2011இல் தமிழ்நாடு முழுமைக்கும் வீட்டுக் கைத்தொழில் செய்வோர் 13 இலட்சத்து 65 ஆயிரம் பேர்தாம். 2001இல் இருந்த தொகையினும் குறைவு. தொழில் குறைந்ததும் உண்டு. "சும்மாதான் இருக்கின்றாள்" என்னும் சொல்லால் குறைந்ததும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லாமற் செய்தவர் நாமே.

ஆதலால், நம் இல்லங்களில் கணக்கெடுப்பவர் வந்தால் ஆடவர் மட்டும் முன்னின்று பதில் சொல்லுதலை ஒழிக்கவேண்டும். ஆண்டில் ஆறு மாதத்திற்குக் குறையாமல் வேலை செய்தவர் முழுநேரத் தொழிலாளர். அதற்குக் குறைந்தவர் சிறுகாலத் தொழிலாளர். இதுவே இதுவரை நடந்த முறை. சம்பளம் கையில் வாங்கினால்தான் வேலை என்பதில்லை. கணவனுடைய வயலில் கூலியின்றி நடவு நட்டாலும் களை பறித்தாலும் அது வேலையே. 2001 முதல், சொந்த உபயோகத்திற்கே மாடு வைத்துப் பால் கறந்தாலும் அதனை வேலையாகக் கொண்டனர். கடையில் கணவனுக்கு மாற்றாக அமர்ந்து வியாபாரம் செய்வதும் வேலையே. நம் சமூகத்துக் கடைகளில் பிற்பகலில் தராசு பிடிப்பது யார் கை என்பது நமக்குத் தெரியாததா?

கடைசியாகச் சாதிக் கட்டம். இதனை விட்டுவிட்டால் காரியதரிசியவர்கள் என்னை மன்னியார். பழைய குடிமதிப்புகளில் சாதிப் பெயருக்காக நடந்த போராட்டங்கள் சரித்திரம். 1901இல் சாதிகளை மேல் கீழ் என வரிசைப்படுத்தத் தொடங்கியதிலிருந்து, "எம்மை இப்பெயரால் எழுதுக, இவ்வரிசையில் வைக்க" என விண்ணப்பங்கள் மலைபோற் குவிந்தன. இழிவாக வழங்கிய பெயரை மாற்றிக்கொள்ள நாடார் பெருமக்கள் முயன்று 1921இல் வெற்றிகண்டமை யாவரும் அறிந்தது. அஃது இழிவு துடைக்கும் முயற்சி, நியாயமானதே. ஆனால் பெயர்கள் பெருகியதன் விளைவைப் பாருங்கள். 1931இல் இந்தியா முழுமையும் எண்ணப்பட்ட சாதிகள் 4,147. குடிமதிப்போடு சேராமல் 2011இல் தனியே நடத்திய சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பில் ஜனங்கள் சொன்ன பெயர்கள் 46 இலட்சம் என்று சர்க்கார் 2021இல் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தனர்! குலப்பெயர், கோத்திரப்பெயர், பட்டப்பெயர், எழுத்துப்பிழை எல்லாம் தனித்தனிச் சாதியாகிவிட்டன. ஆதலின் அக்கணக்கு ஒருவருக்கும் பயன்படவில்லை.

நம்மவரே ஒரு தெருவில் மூன்று பெயர் சொல்கின்றனர். அண்ணன் பட்டப்பெயரைச் சொல்வான். தம்பி உட்பிரிவைச் சொல்வான். சம்பந்தி வேறெழுத்தில் எழுதுவான். பள்ளிச் சான்றிதழிலும் சாதிச் சான்றிதழிலும் உள்ள பெயர் எதுவோ அதனையே எல்லாரும் சொல்லுதல் தகும். இது ஒன்று. மற்றொன்றையும் சொல்லிவிடுகின்றேன், சிலர் முகம் சுளிக்கக்கூடும். வெளியூரில் குடியிருக்கும் மகனை இங்கும் எழுதி, அங்கும் எழுதித் தொகையை உயர்த்தலாம் என்று ஓர் அன்பர் என்னிடம் யோசனை கூறினார். அது திருட்டு. பம்பாயில் உள்ளவனைத் தென்காசியில் எழுதினால், தென்காசியில் தனித்துக் கிடக்கும் அவன் தாய் தந்தையர் மகனோடு வாழ்வதாகக் கணக்காகும். அப்பொழுது அவர்கள் நிலையை அறிவார் யார்?

இன்னொன்று நினைவூட்டுவேன். தென்காசி தனி ஜில்லாவாக மலர்ந்தது 2019 நவம்பர் 22இல். 2011ஆம் ஆண்டுக் கணக்கைக் கிழித்து ஒட்டியே, ஏறத்தாழ 14 இலட்சம் பேர் எனச் சொல்லி வருகின்றனர். தென்காசி என்னும் பெயரால் இங்குள்ளோரை நேரே எண்ணப்போவது வரும் குடிமதிப்பே. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர் ஆகியவற்றிற்கு இன்னும் பல ஆண்டுகள் அவ்வெண்ணையே எடுத்து நீட்டுவர்.

முதியோர் வயதுக்குச் சாதகம் இருந்தால் எடுத்துத் தூசி தட்டி வையுங்கள். பள்ளிச் சான்றிதழ் இருந்தால் இன்னும் நன்று. எந்தக் கட்டத்திற்கு என்ன பொருள் என்று ஐயமுற்ற தாய்மார்கள், விளக்கேற்றிய பின் எந்நாளும் என் வீட்டிற்கு வரலாம். யான் இல்லாவிடினும் என் தாயார் திண்ணையில் இருப்பார். 2011ஆம் ஆண்டுத் தாளின் இருபத்தொன்பது கேள்விகளும் இப்பொழுது அவருக்கு மனப்பாடம்.